அம்மனுக்குக் கொடுத்த கோபம்

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு சிங்க்கில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும்தான் ஓடுகிறது. இதையெல்லாம் ஒரு பாக்கியமாகச் சொல்கிறாளே என்று சிரிப்பவர்கள், அடுக்குமாடியின் முதல் மாடியில் கொஞ்ச நாள் குடியிருந்து பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் சமையலறை விளக்கைப் போட்டு எட்டிப் பார்க்கிறேன். சிங்க் காய்ந்து கிடக்கிறது. அப்போது எனக்கு வரும் நிம்மதி, தீபாராதனை பார்த்துவிட்டுத் திரும்பும்போது வருகிற நிம்மதிக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டில், ஏரிப் பக்கமாக எங்கள் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி. எங்கள் பக்கத்துச் சமையலறைகள் எல்லாவற்றுக்கும் கழிவுநீர் இறங்க ஒரே குழாய்தான். அந்தக் குழாயின் வளைவு எங்கள் சமையலறைக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே அடைப்பு விழுந்தால் மேல் வீட்டுத் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. அது என் சிங்க்கின் ஓட்டை வழியாக மேலே ஏறி வந்துவிடும். யார் வீட்டில் இன்று வத்தக்குழம்பு, யார் வீட்டில் மீன், யார் நேற்றைய சாம்பாரைக் கொட்டினார்கள் என்று மாடி ஏறாமலே எனக்குத் தெரியும். இந்த ஞானம் எனக்கு யாரும் உபதேசிக்காமல் வந்தது.

இந்தத் தொல்லை ஆரம்பித்த நேரம்தான் சரியில்லை. என் மகள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன்பு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவள் அழக்கூட இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இது மூன்றாவது. ரத்த அழுத்தம் வேறு ஏறியிருந்தது. மாடிப்படி ஏறக் கூடாது, பெரும்பாலும் படுத்தே இருக்க வேண்டும், வீட்டில் டென்ஷன் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரரும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பாமல் என்ன செய்வார்கள்? என் குரல் அப்படி. நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில், ஒரு தெருக்குழாயை நம்பியிருந்த வரிசை வீடுகளில். அங்கே குரல் இல்லாதவளுக்குக் குடம் நிறையாது. கல்யாணமாகி வந்த பிறகு தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது, குரல் தீரவில்லை. பால் பாக்கெட் கசிந்திருந்தாலும் கத்துவேன், கேஸ் சிலிண்டர் வர ஒரு நாள் தாமதமானாலும் கத்துவேன். எங்கள் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தால் காதில் பஞ்சு வைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்வார். கேலிதான், ஆனால் முழுக்கக் கேலியும் இல்லை.

தெருமுனை அம்மன் கோயிலில் வேண்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். குழந்தை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை காபியை விட்டுவிடுகிறேன் என்று மகளிடம் சொன்னேன். காபிதான் எனக்கு உயிர். அவள் படுத்தபடியே சொன்னாள்.

"காபியை விட்டா இன்னும் ஜாஸ்தி கத்துவம்மா. கத்துறத விடு."

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்துகொண்டு, தாயே, என் கோபத்தை உனக்குக் கொடுத்துவிட்டேன், என் பெண்ணின் பிள்ளையை எனக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டேன். பண்டமாற்றுதான். மற்றவர்கள் பூசணிக்காயையும் பாகற்காயையும் விடுகிறார்கள், நான் என் கூடப் பிறந்த குணத்தையே விட்டேன்.

விட்ட பிறகுதான் தெரிந்தது, கோபத்துக்கு வாய் மட்டும் வழியில்லை என்று. முதல் நாள் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாத்திரங்கள் பேசின. உள்ளே படுத்திருந்த மகள், பாத்திரமும் கத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் பாத்திரங்களைப் பூப்போல வைத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முகமும் கணக்கில் சேரும் என்றாள். சரி என்று சிரிக்கப் பழகினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, பழையபடி கத்தினால்கூடத் தேவலை போலிருக்கிறதே என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வேலை செய்யும்போது போனில் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்டேன். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதைப் போல இரு என்றார் பேசியவர். ஐயா, தாமரை இலை இருக்கட்டும், என் கடாயில் பிசுக்கு ஒட்டாமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று மனசுக்குள் பதில் சொன்னேன். அவர் வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று கேட்கவும் ஆசைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சில நாட்களில் நிஜமாகவே ஏதோ நடந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, வாய்வரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்து முடித்தபோது கோபமும் முடிந்திருந்தது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. கத்தியிருந்தால் சாயங்காலம்வரை அது கூடவே வந்திருக்கும். மகள் நன்றாகத் தூங்கினாள். அவளுடைய ரத்த அழுத்தமும் இறங்கியது. அம்மன் பேரத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அதோடு பயமும் வந்தது. ஒரே ஒரு முறை தவறினாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பயத்தோடு நான் இருந்தபோதுதான் மேல் வீட்டு வத்தக்குழம்பு என் சிங்க்கில் ஏறி வந்தது. எங்களுக்கு நேர் மேலே புதிதாக ஒரு இளம் ஜோடி குடிவந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், இருவருக்கும் ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் வந்த பிறகுதான் சிங்க் நிரம்ப ஆரம்பித்தது. சோறும் டீத்தூளும் தேங்காய் நாரும் மிதக்கும். நான் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றி, குளியலறையில் கொண்டுபோய்க் கொட்டுவேன். மொண்டு முடித்து நிமிர்ந்தால் மேலே யாரோ குக்கர் கழுவுவார்கள், மறுபடி நிரம்பும். மழை விட்டும் தூவானம் விடாத கதைதான்.

பிளம்பருக்குப் போன் செய்தேன். எப்போது செய்தாலும் அவன் வழியில்தான் இருப்பான்.

"வந்துகினே கீறேன்கா. திருநின்றவூர்ல ஒரு வேல கீது. முட்சிட்டு நேரா உங்க ஊட்டுக்குத்தான்."

திருநின்றவூரில் அவன் என்ன அணை கட்டினானோ, வரவேயில்லை. பழைய நானாக இருந்தால் அவன் போனை எடுக்கவே பயந்திருப்பான். இப்போது, சரிப்பா, மெதுவா வா என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவனுக்கே அது சந்தேகமாக இருந்திருக்கும்.

மேலே போய்ச் சொல்லலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். எனக்கு என்னைத் தெரியும். மேலே போய், அம்மா, உங்கள் சோறு என் வீட்டில் மிதக்கிறது என்று ஆரம்பித்தால் அது அங்கே நிற்காது. இரண்டாவது வாக்கியத்தில் குரல் ஏறும், மூன்றாவதில் மாடியே கூடிவிடும். அப்படி ஆனால் வேண்டுதல் என்ன ஆவது? அவரே போகிறேன் என்றார். வேண்டாம், நீங்கள் போனால் அவர்கள் ஏதாவது பதில் சொல்வார்கள், அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரும் என்று தடுத்துவிட்டேன். படிக்கட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் பழகிய சிரிப்பைச் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வாளி வாளியாகப் பிறர் எச்சில் தண்ணீரைச் சுமப்பதே ஒரு தவம் என்று தோன்றத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகு ஒரு காலை. வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்கு ரயில் ஏறிப் போய்விட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போயிருந்த நேரத்தில் மேலேயிருந்து மொத்தமாகத் தண்ணீர் இறங்கி, சிங்க் வழிந்து, சமையலறைத் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு பரவியிருக்கிறது. சீரகத் தண்ணீர் எடுக்க மகள் எழுந்து வந்திருக்கிறாள். அம்மா என்று ஒரு குரல் கேட்டது. ஓடி வந்தால், அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்திருந்தது, இன்னொரு கை வயிற்றில் இருந்தது.

மேடையைப் பிடித்ததால் விழவில்லை, வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்டோவில் போகும்போது வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தவள், "அசையலம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஏரியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவளுடைய அந்தப் பழைய முதுகு கண்ணில் தெரிந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கத்தவில்லையே தாயே, ஒரு பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தேனே, பிறகு ஏன் இப்படி என்று அம்மனைக் கேட்டுக்கொண்டே போனேன். அந்தக் கேள்வியில் நிறையக் கோபம் இருந்தது. அதை நான் கவனிக்கும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள், அங்கேயும் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே வைத்ததும் வாஷிங் மெஷின் சுற்றுவது போல டபக் டபக் என்று வந்தது. அறை முழுக்க அந்தச் சத்தம்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் பிள்ளை உள்ளேயிருந்து ஒரு உதை விட்டது, மகள் சிரித்தாள், பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அவள் அழுதது நல்லதாகவே பட்டது.

டாக்டரம்மா எல்லாம் பார்த்து முடித்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தார். நிறைமாசப் பெண் இருக்கும் வீட்டில் தரையில் தண்ணீர் நிற்க விடுவார்களா என்று கேட்டார். நல்ல குரல் அவருக்கும். மேல் வீட்டிலிருந்து வருகிறது டாக்டர், ரொம்ப நாளாகவே வருகிறது என்று இழுத்தேன்.

"அவங்க கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். ஏன் என்றார். வேண்டுதல் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் குட்டையானேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே யாரிடமோ, என்ன ராஜாத்தி, சாப்டியா என்று அவர் கொஞ்சுவது எங்கள் அறைக்குக் கேட்டது. என்னைத் திட்டிய அதே வாய்தான். திட்ட வேண்டியதைத் திட்டினார், அது அங்கேயே முடிந்தது.

மகள் தூங்கிய பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். நான் இத்தனை நாள் சுமந்தது பொறுமை இல்லை. என் கோபம் அம்மனிடம் போகவே இல்லை, என் வயிற்றிலேயேதான் இருந்தது. அதன்மேல் ஒரு மூடியைப் போட்டு அழுத்தி உட்கார்ந்திருந்தேன். மூடியைத் தூக்கினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், சொல்ல வேண்டிய ஒரு சாதாரண வார்த்தையையும் சொல்லவில்லை. பால் பொங்கியபோது நான் துடைத்தேன், அது சரி. குழாய் அடைத்தபோதும் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது சரியில்லை. துடைத்தால் தீர்வது எது, போய்ச் சொன்னால்தான் தீர்வது எது என்று பிரித்துப் பார்க்கிற தெளிவு என்னிடம் இருக்கவில்லை. கத்துவதற்கு எனக்கு எப்போதும் பலம் இருந்தது. கத்தாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குத்தான் இல்லாமல் இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மேலே போனேன். படியேறும்போது வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். கதவைத் திறந்த பெண்ணிடம், குழாய் அடைத்திருக்கிறது, நீங்கள் ஊற்றுவது எங்கள் வீட்டில் ஏறுகிறது, நேற்று என் மகள் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னேன். குரல் நடுவில் கொஞ்சம் ஏறத்தான் ஏறியது. வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்களுக்குத் தண்ணி நல்லா எறங்குதுன்னுல்லா நெனச்சோம். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா ஆன்ட்டி."

அவள் கண் கலங்கிவிட்டது. நான் படிக்கட்டில் சிரித்த சிரிப்பைப் பார்த்து, இந்த ஆன்ட்டிக்கு நம் மேல் ஏதோ வருத்தம், கேட்டால் என்ன சொல்வார்களோ என்று அவர்களும் பயந்துகொண்டு இருந்தார்களாம். அன்றைக்கே அவள் புருஷன் எங்கிருந்தோ நீளக் கம்பி மெஷினோடு ஒரு ஆளைக் கூட்டி வந்தான். வளைவைக் கழற்றியதும் நான்கு மாடிச் சமையலும் வெளியே வந்தது. அதில் என் வீட்டுப் புளிச்சக்கையும் ஒரு கட்டியாக இருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நான் விட்டது கோபத்தைத்தானே, வீம்பை இல்லையே. எல்லா வீட்டு சிங்க்கிலும் சல்லடை போட வேண்டும் என்று அந்தப் பையனே எல்லாருக்கும் வாங்கிக்கொண்டு வந்தான்.

மேலே போய்ப் பேசியதில் வேண்டுதல் உடைந்ததா என்று மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள்.

வலி வந்தது ஒரு மத்தியானம். பிரசவ அறைக்குக் கொண்டுபோகும்வரை என்னைக் கூட இருக்க விட்டார்கள். இரண்டு முறை பறிகொடுத்தவள், இந்த முறை ஏதாவது தவறாகச் செய்துவிடுவோமோ என்று பயந்து, ஒவ்வொரு வலிக்கும் துப்பட்டாவின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, சத்தம் மட்டும் வரவில்லை. ஏன்டி என்று கேட்டேன்.

"வெளிய எல்லாரும் இருக்காங்கம்மா. நீயே இத்தன நாள் கத்தாம இருந்திட்ட."

என்னைப் பார்த்து இதையா கற்றுக்கொண்டாள்? அந்தத் துப்பட்டாவை அவள் வாயிலிருந்து உருவினேன்.

"வேண்டிக்கினது நானுடி. நீ எதுக்கு வாய மூடிகினு கீற? கத்து. நல்லா கத்து. எவ இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

என்னை உற்றுப் பார்த்தாள். அடுத்த வலி வந்தபோது வாயைத் திறந்தாள். கதவை மூடி அவளை உள்ளே கொண்டுபோன பிறகும் அந்தக் குரல் வராந்தா கடந்து வாசல்வரை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலை உடுப்போடு ஓடி வந்திருந்த என் வீட்டுக்காரர், உன் குரலேதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கத்தக் கத்த எனக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது. போகட்டும், எல்லாம் வெளியே போகட்டும், சுவரைப் பார்த்துப் படுத்த நாளெல்லாம் சேர்ந்து போகட்டும் என்று கைகூப்பி நின்றேன்.

பிறகு அந்தக் குரல் நின்றது. வேறொரு குரல் கேட்டது. சின்னது, ஆனால் சும்மா கணீரென்று இருந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். உள்ளே சத்தம் ஓயவில்லை. எடுத்ததிலிருந்து நிறுத்தாமல் கத்துகிறது, சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்று ஏதோ தவறு நடந்ததைப் போலச் சொன்னாள்.

"கத்தட்டும் விடும்மா" என்றேன்.